நன்மைக்கும் கணக்கு வேண்டும்



வணிகத்துறையிலே உயர்கல்வி பெற விரும்பும் மாணவரிடம் அதன் காரணம் யாதென வினவினால், நெடுங்காலமாகக் கிடைத்துவந்த விடை ஒன்றே: நல்ல உத்தியோகம், நல்ல வருவாய், இயலுமாயின் நாளடைவிற் சொந்தமாக ஒரு தொழில். இவ்விடையிற் குறைகாண்பதற்கு எதுவுமில்லை. ஆயினும், இதனோடு இன்னொன்றையும் சேர்த்துக் கூறும் மாணவர் இன்று தோன்றியுள்ளனர். செய்யும் தொழிலினால் ஊருக்கும் பயன் விளைய வேண்டும். நீரும் நிலமும் காற்றும் கெடாமல் அடுத்த தலைமுறையைச் சென்றடைய வேண்டும் என்கின்றனர் அவர்கள். இவ்விருப்பத்தை உணர்ந்த பல்கலைக்கழகங்களும், நிலைபேறான அபிவிருத்தியையும் சமூகப் பயனையும் மையமாகக் கொண்ட வணிகப் பட்டநெறிகளைப் பல நாடுகளிலும் அமைத்து வருகின்றன.

பெற்றோர்க்கு இதிலே ஓர் ஐயம் எழுகின்றது. தொண்டு செய்வதாயின் தொண்டு நிறுவனத்துக்குச் செல்லலாமே. வணிகம் செய்வதாயின் வணிகத்தையே செவ்வனே கற்கலாமே. இரண்டையும் ஒன்றாகப் பிசைந்த படிப்பு இரண்டுக்கும் உதவாமற் போய்விடாதா என்பதே அவ்வையம். இது புறக்கணிக்கத்தக்க ஐயமன்று. நல்லெண்ணத்தை ஊட்டிக் கணக்கைத் தளர்த்திவிடும் படிப்பாயின், பெற்றோர் அஞ்சுவது முற்றிலும் சரியே. அவ்வாறன்றி, முன்னையிலும் நுட்பமாகக் கணக்கிடக் கற்பிக்கும் படிப்பாயின், அதனினும் வேண்டப்படும் கல்வி இன்று வேறில்லை எனலாம். இவ்விரண்டையும் பிரித்தறிவது எவ்வாறு என்பதே இவ்வுரையின் பொருள்.

முதற்கண், வணிகக் கல்வி பிறந்த வரலாற்றைச் சற்று நோக்குதல் தகும். வணிகம் மனிதகுலத்தின் பழந்தொழில்களுள் ஒன்றாயினும், பல்கலைக்கழகத்திலே அது இடம்பெற்றது மிகப் பிந்தியே. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, யோசப் வார்ட்டன் என்னும் தொழிலதிபர் வழங்கிய நிதியினால், பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 1881ஆம் ஆண்டு ஒரு வணிகப் பள்ளி நிறுவப்பட்டது. 1908ஆம் ஆண்டிலே ஹாவாட் பல்கலைக்கழகம் தனது வணிகப் பள்ளியைத் தொடங்கி, வணிக நிர்வாகத்தில் முதுமாணிப் பட்டம் வழங்க முற்பட்டது. புகையிரதப் பாதைகளும் உருக்கு ஆலைகளும் பெருகிய காலம் அது. தொழிலின் உடைமையாளர் ஓரிடத்திலும், அதனை நடத்துவோர் வேறோரிடத்திலும் இருக்கும் நிலை அன்று உருவாயிற்று. பிறர் முதலைப் பொறுப்புடன் கையாளத்தக்க நிருவாகிகள் பல்லாயிரவர் தேவைப்பட்டனர். அத்தேவையை நிறைவுசெய்யவே கணக்கீடு, நிதி, வணிகச் சட்டம், உற்பத்தி முறை ஆகியன பாடங்களாயின.

இப்பாடங்கள் அனைத்துக்கும் அடித்தளமாக அமைந்தது பேரேடு. விலைகொடுத்து வாங்கியதும், விலைபெற்று விற்றதும் பேரேட்டிலே ஏறும். விலையில்லாப் பொருளோ அதிலே ஏறாது. ஆற்று நீரைச் சாயத்தொட்டியாக்கிய ஆலையின் ஏட்டிலே அந்த ஆற்றுக்கு ஒரு வரியும் இல்லை. அந்நீரைக் குடித்து நோயுற்றோரின் மருத்துவச் செலவுக்கும் அங்கே இடமில்லை. அச்செலவு இல்லாமற் போய்விடவில்லை. வேறொருவர் தலையிலே சுமத்தப்பட்டது, அவ்வளவே. இத்தகைய சுமைகளைப் பொருளியலார் புறவிளைவுகள் என்பர். கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆதர் பிகூ, பொருளியல் நலன் குறித்து 1920ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே இதனை விரிவாக ஆராய்ந்து, பிறர்க்கு விளைக்கும் தீங்கின் அளவுக்கு வரி விதித்தல் தகும் எனக் காட்டினார்.

புறவிளைவு என்னுஞ் சொல் ஏட்டுச் சொல்லாகத் தோன்றலாம். அதன் பொருள் கொடியது. வங்காளதேசத்திலே, தாக்கா நகருக்கு அண்மையிலுள்ள சாவாரில், ராணா பிளாசா என்னும் கட்டடம் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. அங்கிருந்த ஆடைத் தொழிற்சாலைகளிற் பணிபுரிந்தோருள் 1,100இற்கு மேற்பட்டோர் மாண்டனர். கட்டடச் சுவர்களில் வெடிப்புகள் முதல் நாளே காணப்பட்டிருந்தன. எனினும், ஒப்பந்தப்படி ஆடைகளை முடித்தனுப்ப வேண்டும் என்பதால் தொழிலாளர் மறுநாளும் உள்ளே அழைக்கப்பட்டனர். தொலைநாட்டுக் கடைகளிலே குறைந்த விலைக்கு விற்ற அவ்வாடைகளின் உண்மை விலை எவ்வளவு என்பதை எந்தப் பேரேடும் காட்டியிருக்கவில்லை.

இதற்கு மறுபக்கத்து வாதமும் ஒன்றுண்டு. அமெரிக்கப் பொருளியலறிஞர் மில்டன் பிரீட்மன் 1970ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலே, சட்டத்துக்கும் நேர்மைக்கும் உட்பட்டு இலாபத்தைப் பெருக்குவதே நிருவாகியின் கடமை என வாதிட்டார். நிருவாகி செலவிடுவது தன் பணமன்று; பங்குதாரரின் பணம். தனக்கு நல்லதெனத் தோன்றும் காரியங்களுக்கு அதனை வாரி வழங்க அவருக்கு உரிமை ஏது என்பது அவர் கேள்வி. இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. பிறர் முதலிலே தரும் தானம் பல வேளைகளில் விளம்பரமாகவே முடிவதை உலகம் கண்டுள்ளது. ஆயினும், இவ்வாதம் ஒன்றை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கின்றது: சட்டங்கள் செம்மையாயுள்ளன, பேரேடு முழுமையாயுள்ளது என்பதே அது. பேரேடே பாதி எழுதப்பட்டதாயின், அதிலே தோன்றும் இலாபமும் பாதி உண்மையே.

1987ஆம் ஆண்டிலே, நோர்வே நாட்டின் குரோ ஹார்லெம் புருண்ட்லண்ட் அம்மையார் தலைமையிலான ஐக்கிய நாடுகள் ஆணைக்குழு, நிலைபேறான அபிவிருத்தி என்னும் கருத்துக்கு உலகறிந்த விளக்கத்தை அளித்தது. இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றும்போது, வருந் தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றும் ஆற்றலைக் கெடுத்துவிடலாகாது என்பது அதன் சாரம். 2015ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளை ஏற்றுக்கொண்டது. இன்றைய புதிய வணிகப் பட்டநெறிகள் பலவும் இக்கருத்துகளையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

கருத்து ஒருபுறமிருக்க, சமூகப் பயனும் வணிகத் திறமையும் ஒருங்கே சேர்ந்து நடைமுறையில் நின்ற இடம் எங்கேனும் உண்டா எனக் கேட்டல் இயல்பு. உண்டு. அதனைக் காண்பதற்கு இந்தியாவின் குஜராத் மாநிலத்திலுள்ள ஆனந்த் என்னும் ஊருக்குச் செல்ல வேண்டும்.

1945ஆம் ஆண்டளவிலே, அவ்வூர் அமைந்த கைரா மாவட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பம்பாய் நகருக்குப் பாலனுப்பும் திட்டம் ஒன்று தொடங்கிற்று. பாலைச் சேகரித்துப் பதனிட்டு அனுப்பும் உரிமை தனியார் நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தது. எருமை ஒன்றோ இரண்டோ வைத்திருந்த உழவர், இடைத்தரகர் சொன்ன விலைக்கே பாலை ஊற்ற வேண்டியவராயினர். பால் சில மணி நேரத்திலே கெட்டுவிடும் பொருள். நெல்லைப்போல் அதனை விலை ஏறும்வரை சேமித்து வைத்தல் இயலாது. விற்பவரின் இப்பலவீனமே வாங்குபவரின் பலமாயிற்று.

1946ஆம் ஆண்டு ஜனவரியிலே, மொரார்ஜி தேசாய் தலைமையில் சமர்க்கா என்னுஞ் சிற்றூரிலே உழவர் கூடினர். தமக்கென ஒரு கூட்டுறவை அமைத்து, அதன் வாயிலாகவே பாலை விற்பதெனத் தீர்மானித்தனர். அரசு இணங்காதபோது, 15 நாட்கள் ஒரு துளிப் பாலும் பம்பாய்க்குச் செல்லவில்லை. அவ்வாண்டு டிசம்பரிலே கைரா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் பட்டேல் அதன் தலைவரானார். 1948ஆம் ஆண்டிலே, இரண்டு சிற்றூர்ச் சங்கங்கள் தந்த நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 லீற்றர் பாலுடன் அவ்வொன்றியம் பணியைத் தொடங்கிற்று.

1949ஆம் ஆண்டு மே மாதத்திலே, வர்கீஸ் குரியன் என்னும் இளம் பொறியியலாளர் ஆனந்துக்கு வந்து சேர்ந்தார். கோழிக்கோட்டிலே பிறந்து, சென்னையிற் பயின்று, அரசாங்கப் புலமைப்பரிசிலில் அமெரிக்கா சென்று மீண்டவர் அவர். புலமைப்பரிசிலின் நிபந்தனைக்காகவே அங்கிருந்த அரசாங்கப் பாற்பண்ணையிற் பணியேற்றார். ஊரை விரும்பி வந்தவரல்லர். ஆயினும், பழுதடைந்த இயந்திரங்களோடு இடர்ப்பட்ட கூட்டுறவுக்கு உதவப் புகுந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். 2012ஆம் ஆண்டு காலமாகும்வரை ஆனந்தே அவர் ஊராயிருந்தது.

அக்கூட்டுறவின் வெற்றிக்கு நல்லெண்ணம் மட்டுமே காரணமெனக் கொள்ளுதல் தவறாகும். அதன் நடைமுறையை உற்றுநோக்குக. காலையும் மாலையும் உறுப்பினர் பாலைக் கொண்டுவந்து சங்கத்திலே வரிசையில் நிற்பர். ஒவ்வொருவர் பாலும் அளக்கப்படும். அதன் கொழுப்பின் அளவு சோதிக்கப்படும். அதற்கேற்ப விலை குறிக்கப்படும். நீர் கலந்தவருக்கு விலை குறையும். நல்ல பாலுக்கு உயரும். பணம் கையோடு கிடைக்கும். ஊர்ப் பெரியவர் பாலென்றோ, ஒதுக்கப்பட்டவர் பாலென்றோ சோதனைக் குழாய் வேறுபாடு காட்டாது. அறநூல்கள் வற்புறுத்தும் சமத்துவம், அங்கே ஓர் அளவுகருவியின் வாயிலாக நாள்தோறும் இருமுறை நிலைநாட்டப்பட்டது.

அடுத்து ஒரு தொழில்நுட்பச் சிக்கல் எதிர்ப்பட்டது. குளிர்காலத்தில் எருமைகள் மிகுதியாகப் பால் தரும். பம்பாயோ அத்தனையையும் வாங்காது. எஞ்சும் பாலை மாவாக்கினாலன்றி உழவருக்கு நட்டம். எருமைப்பாலை மாவாக்குதல் இயலாதெனப் பால்வளம் மிக்க நாடுகளின் வல்லுநர் கூறினர். குரியனின் தோழரான எச். எம். தலாயா அது இயலும் எனச் செய்து காட்டினார். 1955ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு அத்தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். பின்னர் அமுல் என்னும் பெயர் இந்தியாவெங்கும் பரவிற்று. இவ்வாறு, உழவரின் உரிமை, நேர்மையான அளவை, நுட்பமான தொழிலறிவு, திறமையான விற்பனை ஆகிய நான்கும் சேர்ந்த இடத்திலேயே சமூகப் பயன் விளைந்தது. இவற்றுள் ஒன்று குறைந்திருப்பினும் அக்கூட்டுறவு நல்லோர் சிலரின் நினைவாக மட்டுமே எஞ்சியிருக்கும்.

1964ஆம் ஆண்டிலே ஆனந்துக்கு வந்து சிற்றூரில் ஓரிரவு தங்கிய பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, இம்முறையை நாடெங்கும் பரப்ப விரும்பினார். அதன் விளைவாக 1965இல் தேசிய பால்வள அபிவிருத்திச் சபை தோன்றிற்று. 1970ஆம் ஆண்டு தொடங்கிய வெண்மைப் பெருக்குத் திட்டத்திலே, குரியனின் வணிக அறிவு நன்கு புலப்பட்டது. ஐரோப்பாவிலே அப்பொழுது பால்மாவும் வெண்ணெயெண்ணெயும் மிதமிஞ்சிக் குவிந்திருந்தன. அவற்றை நன்கொடையாகப் பெற்று இலவசமாக வழங்கியிருந்தால், நகரத்தவர் மகிழ்ந்திருப்பர். உள்ளூர் உழவரின் பாலை வாங்குவார் இல்லாதொழிந்திருப்பர். ஆதலின் அவை நியாயமான விலைக்கே விற்கப்பட்டன. அப்பணம் கொண்டு சிற்றூர்ச் சங்கங்களும் குளிரூட்டும் நிலையங்களும் அமைக்கப்பட்டன. நன்கொடையும் தீங்காக மாறக்கூடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்ட செயல் இது. 1998ஆம் ஆண்டளவில் இந்தியா உலகிலே மிகுதியான பால் உற்பத்தி செய்யும் நாடாயிற்று. வெளிநாட்டுப் பால்மாவிலே தங்கியிருந்து, 2021, 2022ஆம் ஆண்டுகளிலே அந்நியச் செலாவணி வற்றியபோது அதற்காகக் கடைவாயிலில் வரிசையாய் நின்ற இலங்கை மக்களுக்கு, இதன் பெறுமதியை விளக்கிக் கூறவேண்டியதில்லை.

இனிக் கல்விக்கு வருவோம். கூட்டுறவுகள் பெருகியபோது அவற்றை நடத்தத் தகுதியானவர் கிடைக்கவில்லை. அகமதாபாத்திலே 1961ஆம் ஆண்டு முதல் இயங்கிய இந்திய முகாமைத்துவ நிறுவனத்திலே திறமைமிக்க பட்டதாரிகள் உருவாயினர்; ஆனால், அவர்கள் பெருங் கம்பனிகளையே நாடினர். உழவரை முதலாளியாகக் கொண்டு பணிபுரிய அவர்களிற் சிலரே முன்வந்தனர். அதனால், 1979ஆம் ஆண்டிலே ஆனந்தில் ஊரக முகாமைத்துவ நிறுவகத்தைக் குரியன் நிறுவினார். கணக்கீடு, நிதி, சந்தைப்படுத்தல் ஆகிய பாடங்கள் அங்கும் இருந்தன. அவற்றிலே தளர்ச்சி காட்டப்படவில்லை. அவற்றோடு, மாணவர் சிற்றூரிலே வாரக்கணக்கிற் தங்கி, அங்குள்ளோர் என்ன உண்கின்றனர், எவரிடம் கடன்படுகின்றனர், எவ்வளவு தொலைவிலிருந்து நீர் கொணர்கின்றனர் என நேரிலே கண்டறிதல் படிப்பின் கட்டாயப் பகுதியாயிற்று. 2025ஆம் ஆண்டிலே இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தினால், இந்நிறுவகத்தை அடிப்படையாகக் கொண்டு, திரிபுவன்தாஸ் பட்டேலின் பெயரால் ஒரு கூட்டுறவுப் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

அங்கு பயின்று வெளியேறியோர் அனைவரும் சிற்றூரிலே தங்கிவிட்டனர் எனக் கூறுவதற்கில்லை. வங்கிகளுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் சென்றோர் பலர். அமுலின் கணக்கும் முற்றுப்பெற்றதன்று. அசைபோடும் கால்நடைகள் வெளியிடும் மெதேன் வாயு புவியை வெப்பமாக்குகின்றது. பாலை அடைக்கும் பிளாஸ்திக் உறைகள் மண்ணிலே மக்குவதில்லை. 1946ஆம் ஆண்டு உழவர் கேட்ட கேள்வி, எமது பாலுக்கு உரிய விலை எது என்பது. இன்றைய மாணவர், அப்பாலுக்காக நிலமும் வானமும் கொடுக்கும் விலை எது என்னுங் கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டியவராயுள்ளார்.

நல்ல பெயரோடு தொடங்கி, கணக்குத் தவறியதனால் துன்பமாக முடிந்தவற்றையும் மாணவர் அறிதல் வேண்டும். இதற்கு இலங்கையே இரண்டு பாடங்களைத் தருகின்றது.

ஒன்று நுண்கடன். வங்காளதேசத்துச் சிட்டகொங் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் முகம்மது யூனுஸ், 1976ஆம் ஆண்டு ஜோப்ரா என்னுஞ் சிற்றூரில், 42 பேருக்கு 27 டொலர் பெறுமதியான தொகையைக் கடனாகக் கொடுத்ததிலிருந்து அவரது முயற்சி தொடங்கிற்று. 1983இல் கிராமீன் வங்கி தனி வங்கியாயிற்று. 2006இல் யூனுசுக்கும் அவ்வங்கிக்கும் சமாதானத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அதன்பின் உலகெங்கும் நுண்கடன் கம்பனிகள் பெருகின. 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின், இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் அவை வீடுதேடிச் சென்று பெண்களுக்குக் கடன் வழங்கின. கணவனை இழந்து குடும்பச் சுமை தாங்கிய பெண்கள், ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் பெற்று, கிழமைதோறும் வாயிலில் வந்து நிற்கும் வசூலிப்பாளருக்கு அஞ்சி வாழும் நிலை உண்டாயிற்று. 2018ஆம் ஆண்டிலே, வறட்சியால் வாடிய மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வர வேண்டியதாயிற்று.

இங்கே தவறியது யாது? எளிய எண்களைக் கொண்டு நோக்கலாம். ஒருவர் 10,000 ரூபா கடன் பெறுகின்றார். வட்டி 20 சதவீதம் எனச் சொல்லப்படுகின்றது. ஓராண்டுக்குள் 12,000 ரூபாவை, மாதம் 1,000 ரூபாவாகத் திருப்பிச் செலுத்த வேண்டும். முதல் மாதத்திலிருந்தே முதல் குறைந்துகொண்டு வருகின்றது. வட்டியோ முழுத்தொகைக்கும் ஓராண்டுக்குக் கணக்கிடப்பட்டுவிட்டது. உண்மையிலே அவர் செலுத்தும் வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 35 சதவீதமாகின்றது. கடன்பெறும் பெண்ணுக்கு இது தெரியாது. கொடுக்கும் கம்பனிக்கு நன்கு தெரியும். இத்தனை பெண்களுக்குக் கடன் வழங்கினோம் என்பதையே சமூகப் பயனென ஆண்டறிக்கையில் எழுதிய நிறுவனங்கள், அக்கடனால் எத்தனை குடும்பங்கள் உயர்ந்தன, எத்தனை குடும்பங்கள் தாலிக்கொடியை அடகு வைத்தன என்பதை எண்ணிப் பார்க்கவில்லை. கொடுத்ததை எண்ணுதல் எளிது. விளைந்ததை எண்ணுதலே கல்வி.

இரண்டாவது பாடம் பசளை. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. மண்ணையும் நீரையும் மக்கள் உடல்நலத்தையும் காத்தல் அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. நோக்கத்தை எவரும் குறைகூறார். ஆனால், நாடு முழுவதற்கும் போதிய சேதனப் பசளை எங்கேயுள்ளது, மண் தன் வளத்தை மீட்க எத்தனை போகம் செல்லும், அதுவரை விளைச்சல் எவ்வளவு குறையும், அந்நட்டத்தை உழவர் எவ்வாறு தாங்குவர் என்னும் கணக்கு உரியவாறு போடப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது, ஆயினும், அதையடுத்த பெரும்போக நெல்விளைச்சல் வெகுவாக வீழ்ந்தது, தேயிலையும் பாதிப்புற்றது. நல்ல நோக்கத்தின் பெயரையே அச்செயல் கெடுத்துவிட்டது. சேதன விவசாயம் என்றாலே உழவர் அஞ்சும் நிலையை அது ஏற்படுத்திற்று.

இவ்விரு பாடங்களையும் ஆனந்தின் வரலாற்றோடு ஒப்பிட்டால், இத்தகைய பட்டநெறியைத் தெரிவுசெய்யும் மாணவர் கேட்கவேண்டிய கேள்விகள் தாமே புலனாகும். அப்படிப்பிலே கணக்கீடும் புள்ளிவிபரவியலும் நிதியியலும் உரிய ஆழத்தோடு கற்பிக்கப்படுகின்றனவா? மண், நீர், எரிபொருள், வளிமண்டலம் ஆகியவற்றை விளங்கிக்கொள்ளும் அளவுக்கேனும் விஞ்ஞானம் இடம்பெறுகின்றதா? மாணவர் வகுப்பறையை விட்டு வயலுக்கும் ஆலைக்கும் மீன்பிடித் துறைக்கும் சென்று, போதிய காலம் தங்கிக் கற்க வேண்டிய கட்டாயம் உண்டா? வெற்றி பெற்றவை மட்டுமன்றித் தோல்வியுற்ற முயற்சிகளும் ஆராயப்படுகின்றனவா? இவற்றுக்கு ஆம் என்னும் விடை கிடைக்குமாயின், பட்டத்தின் பெயர் யாதாயினும் அது நல்ல பட்டம். இல்லையெனில், பெயர் எத்துணை அழகாயிருப்பினும் அது வெறும் பெயரே. பழைய பெயரிலுள்ள வணிகமாணிப் பட்டத்தைப் பயின்றுகொண்டே, இக்கேள்விகளைத் தாமாகத் தேடிச்செல்லும் மாணவரும் அதே பயனை அடைதல் கூடும்.

உதாரணமாக, மலைநாட்டிலே உற்பத்தியாகும் ஒரு கிலோ தேயிலையின் அடக்கவிலையைக் கணக்கிடுமாறு மாணவரிடம் கூறினால், கொழுந்து, கூலி, விறகு, மின்சாரம், பொதியிடல், போக்குவரத்து என அவர் எழுதுவார். அத்துடன் அவர் நிறுத்திவிடலாகாது. மழையிலே சரிவிலிருந்து கழுவிச் செல்லப்படும் மேல்மண்ணுக்கு விலை யாது? லயன் அறைகளின் நெருக்கடியால் வரும் நோய்களின் செலவு யாருடையது? கொழுந்து பறிப்பவரின் பிள்ளை பள்ளியை இடைநடுவில் விட்டால், அந்நட்டத்தை எந்த ஏட்டில் எழுதுவது? தொழிற்சாலை நேரடியாக எரிக்கும் எரிபொருளால் வெளியாகும் கரியமில வாயு, வாங்கும் மின்சாரத்தின் பின்னாலுள்ள வாயு, பசளை உற்பத்தி முதல் கப்பற் பயணம்வரை பிறர் கைகளில் வெளியாகும் வாயு என மூன்று வகையாகப் பிரித்துக் கணக்கிடும் முறை இன்று உலகெங்கும் வழக்கிலுள்ளது. இக்கணக்கைப் போடக் கற்றவர், எந்தச் செலவை எங்கே குறைக்கலாம் என்பதையும் காட்ட வல்லவராவார்.

தொழில் வாய்ப்பைப் பற்றிப் பெற்றோர் கேட்பது நியாயமே. இத்துறை இன்று தொண்டு நிறுவனங்களோடு நின்றுவிடவில்லை. நிலைபேறு தொடர்பான நிதித் தகவல்களை வெளியிடுவதற்கான சர்வதேச நியமங்கள் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியாயின. அவற்றைத் தழுவிய இலங்கை நியமங்களும், பெரிய பட்டியற் கம்பனிகளிலிருந்து தொடங்கி, 2025ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆடை, தேயிலை, இறப்பர், மீன் ஆகியவற்றை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள், பொருளின் தரத்தோடு அது உற்பத்தியான முறையையும் சான்றுடன் கேட்கின்றன. இவற்றுக்கு விடையளிக்க வல்ல கணக்காளரும் முகாமையாளரும் வங்கியாளரும் வேண்டப்படுகின்றனர். ஆயினும், கூட்டுறவு ஒன்றையோ சிறு கைத்தொழில் ஒன்றையோ நடத்தச் செல்பவர், பெருங் கம்பனியிற் சேர்ந்த தம் வகுப்புத் தோழரிலும் குறைந்த சம்பளத்தையே பெறக்கூடும். இதனை மறைத்துக் கூறுதல் மாணவருக்கு நன்மை செய்வதாகாது. அறிந்து தெரிவுசெய்தவரே நிலைத்து நிற்பர்.

இலங்கையின் நாட்டுப்புறப் பாடசாலைகள் பலவற்றிலே விஞ்ஞான ஆய்கூட வசதி போதாமையால், க.பொ.த. உயர்தரத்திற் கலையும் வணிகமுமே மாணவர்க்குத் திறந்துள்ள வாயில்களாயுள்ளன. வணிகத்துறையை இரண்டாந் தரமெனக் கருதும் மனப்பான்மை ஊரிலே இன்னும் மறையவில்லை. கணக்கீடும் வணிகக்கல்வியும் பொருளியலும் பயிலும் அப்பிள்ளைகளே, நாளை கூட்டுறவுச் சங்கத்தின் ஏட்டைச் சரிபார்ப்பவர்களாகவும், கடன் விண்ணப்பத்தில் ஒப்பமிடுபவர்களாகவும், ஆலையின் கழிவுநீர் எங்கே செல்ல வேண்டுமெனத் தீர்மானிப்பவர்களாகவும் அமர்வர். அந்நாற்காலியில் இருப்பவர் 35 சதவீத வட்டியை 20 சதவீதமெனக் கூறத் துணிவாரா, அன்றி உண்மையைச் சொல்வாரா என்பதிலே ஒரு குடும்பத்தின் வாழ்வு தங்கியுள்ளது.

இரக்கமுள்ளவர் எல்லா ஊர்களிலும் இருக்கின்றனர், கணக்கறிந்தவரும் இருக்கின்றனர். இவ்விருவரும் ஒருவராகவே அமைதல் அரிது. அவ்வாறு அமைந்தவரை உருவாக்குவதே இப்புதிய வணிகக் கல்வியின் பணி. அதனை நாடும் பிள்ளையைப் பெற்றோர் தடுக்க வேண்டியதில்லை. கணக்கிலே கண்டிப்பாயிரு என்று கூறி, வாழ்த்தி அனுப்பினாற் போதும்.